சோதிக்கப் போன சர்வர் திரும்பவில்லை

"சர்வர் டவுன்" என்பதற்கு இன்று யாரும் அர்த்தம் கேட்பதில்லை. ராஜபாளையத்து மில் ஒன்றின் கணக்குப் பிரிவானாலும் சரி, ஸ்ரீவில்லிபுத்தூரில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்க உட்கார்ந்திருக்கும் வரிசையானாலும் சரி, அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஒரு பெருமூச்சு, பிறகு, "சாப்பிட்டுட்டு வாங்க, பார்ப்போம்."

காரணம் பெரும்பாலும் சாதாரணமானது. எங்கோ ரோட்டைத் தோண்டியதில் கேபிள் அறுந்திருக்கும். கடைசித் தேதியன்று ஊரே ஒன்றாக உள்ளே நுழையப் பார்த்திருக்கும். அபூர்வமாக வேறொன்றும் நடக்கும்: சர்வர் படுக்கவே இல்லை, முழு மூச்சாக ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் யாரோ நீட்டிய ஒரே ஒரு காகிதத்தைப் படிக்கப் போய், அதிலிருந்து வெளியே வர முடியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காகிதத்தின் பெயர் டிஜிட்டல் சான்றிதழ். இப்படி ஒரு ஓட்டை 2022 மார்ச்சில் உலகம் முழுக்கப் புழங்கும் ஒரு மென்பொருளில் வெளிப்பட்டது. அதை விளங்கிக்கொள்ளப் பெரிய கணக்கு தேவையில்லை. தென்காசியிலிருந்து மதுரை போகும் பஸ்ஸில் ஏறத் தெரிந்தால் போதும்.

முதலில் சான்றிதழ். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயரை எந்த ஊர்ச் சரக்கு சுமக்கலாம் என்பதை அந்தப் பதிவு சொல்கிறது. வெளியூர்க்காரருக்குப் பால்கோவாவின் ருசி தெரியாமல் இருக்கலாம். பதிவு செய்த அலுவலகத்தின் மேல் உள்ள நம்பிக்கையில் பெட்டியை வாங்குகிறார். இணையத்திலும் இதேதான். உங்கள் வங்கியின் முகவரியைத் தட்டியதும் அந்த சர்வர், "நான்தான் அந்த வங்கி" என்று ஒரு சான்றிதழை நீட்டுகிறது. அதில் வங்கியின் முகவரி, அதன் பொதுச் சாவி, செல்லுபடியாகும் தேதி, வழங்கிய நிறுவனத்தின் கையொப்பம் எல்லாம் எக்ஸ்.509 என்ற வடிவில் அடுக்கப்பட்டிருக்கும். உங்கள் பிரௌசர் அதைப் பிரித்துப் படித்து, கையொப்பம் உண்மையா என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடுகிறது.

எதிர்த் திசையிலும் இது உண்டு. ஆடிட்டர் அலுவலகங்களில் பென் டிரைவ் மாதிரி டி.எஸ்.சி. டோக்கன்கள் மேசை டிராயரில் பெயர் ஒட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுக்குள்ளும் இருப்பது இதே வகைச் சான்றிதழ்தான். கம்பெனிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போதும் டெண்டர் போடும்போதும் நாம் நீட்டுகிறோம், சர்வர் வாங்கிப் படிக்கிறது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதற்காகவே சான்றளிப்பு நிறுவனங்களின் கட்டுப்பாட்டாளர் என்ற பதவியை உருவாக்கியது.

இந்தச் சோதனை ஏன் அவசியம் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சம்பவம் இருக்கிறது. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் சில முகவரிகளுக்கு அந்த நிறுவனம் கேட்காமலேயே சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருப்பதை கூகுள் கண்டது. வழங்கியது மத்திய அரசின் தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி.யின் சான்றளிப்புப் பிரிவு. அடுத்த நாளே கட்டுப்பாட்டாளர் அலுவலகம் அந்தப் பிரிவின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது. என்.ஐ.சி.யின் வழங்கல் முறைக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள் என்று விசாரணையில் தெரிந்தது. இந்திய அரசின் மூலச் சான்றிதழை மைக்ரோசாஃப்ட் தன் நம்பிக்கைப் பட்டியலில் வைத்திருந்ததால் விண்டோஸ் கணினிகள் அவற்றை ஏற்றிருக்கும். சொந்தப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் ஏற்றிருக்காது. போலிச் சான்றிதழ் உள்ளே வந்துவிட்டால் என்ன ஆகும் என்ற கவலை அது. நாம் பேசப்போவது வேறு ரகம். இந்தச் சான்றிதழ் உள்ளே வர ஆசைப்படவே இல்லை. சோதிப்பவரைச் சோதனையிலேயே முடக்கிவிட்டால் அதற்குப் போதும்.

ராஜபாளையம் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடம்பும் ரோஜா நிற மூக்குமாக 2005-ல் தபால்தலையிலேயே ஏறிய ஜாதி. வாசலுக்கு வருபவர் தெரிந்தவரா அந்நியரா என்று அது முகர்ந்து பார்த்துத்தான் முடிவெடுக்கும். முகர்வது முதலில், குரைப்பதா வாலாட்டுவதா என்பது பிறகு. வந்தவன் கையில் முகர்ந்தாலே மயக்கம் வரும் ஒரு பொருள் இருந்தால், நாய் எவ்வளவு சூட்டிகையாக இருந்து என்ன பயன்? சான்றிதழ் சோதனையின் அடிப்படைச் சிக்கலும் இதுதான். கையொப்பம் உண்மையா என்று பார்க்க வேண்டுமென்றால், அதற்கு முன் சான்றிதழைப் பிரித்துப் படிக்க வேண்டும்; படிக்கும்போதே அதற்குள் இருக்கும் சாவியும் வெளியே எடுக்கப்படுகிறது. அந்த நிமிடத்தில் அதை நீட்டியவர் யாரென்றே தெரியாது. முன்பின் தெரியாதவர் எழுதியதை முழுக்கப் படித்த பிறகே அவரை நம்பலாமா கூடாதா என்ற கேள்வி எழுகிறது.

அந்தப் படிக்கும் வேலையை உலகின் பெரும்பகுதி சர்வர்களில் செய்வது ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற இலவச மென்பொருள் நூலகம். 2014 ஏப்ரலில் 'ஹார்ட்பிளீட்' என்று பத்திரிகைகளின் முதல் பக்கம் வரை வந்ததே, அதே நூலகம்தான். 2022 பிப்ரவரி 24 அன்று, கூகுளின் 'பிராஜெக்ட் ஜீரோ' குழுவைச் சேர்ந்த டாவிஸ் ஓர்மண்டி இதன் பராமரிப்பாளர்களுக்கு ஒரு ஓட்டையைத் தெரிவித்தார். மார்ச் 15 அன்று திருத்தத்தோடு அது பகிரங்கமானது. பதிவு எண் சிவிஇ-2022-0778, கடுமை 'உயர்'. ஓட்டை இருந்த இடம் வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் ஒரு சிறு நிரல்.

சான்றிதழுக்குள் வர்க்கமூலம் எங்கே வந்தது? இப்போதைய சாவிகள் பலவும் நீள்வட்ட வளைகோடு என்ற கணிதத்தில் அமைந்தவை. சாவி என்பது அந்தக் கோட்டின் மேல் ஒரு புள்ளி. புள்ளிக்கு இரண்டு எண்கள் வேண்டும்: கிடையாக எவ்வளவு, செங்குத்தாக எவ்வளவு. இடத்தை மிச்சப்படுத்தக் கிடை எண்ணை மட்டும் முழுசாக எழுதி, இரண்டாவதற்கு ஒரு சின்னக் குறிப்பை மட்டும் விட்டுவைக்கலாம். படிப்பவர் ஒரு வர்க்கமூலம் கண்டுபிடித்து மற்றதை மீட்டுக்கொள்ளலாம். இந்த முறைக்குச் சுருக்கப்பட்ட வடிவம் என்று பெயர்.

ஆனால் இது பள்ளிக்கூடத்து வர்க்கமூலம் இல்லை. வாரக் கணக்கில் போடும் வர்க்கமூலம். இன்றிலிருந்து ஒன்பதாம் நாள் என்ன கிழமை என்றால், ஏழைத் தள்ளிவிட்டு இரண்டாம் நாள் என்ன கிழமையோ அதுதான் என்போம். ஏழின் கணக்கில் ஒன்பதும் இரண்டும் ஒன்று. மூன்றை மூன்றால் பெருக்கினால் ஒன்பது, அதாவது இரண்டு. ஆகவே இந்தக் கணக்கில் இரண்டின் வர்க்கமூலம் மூன்று. நான்கும்தான்: நானான்கு பதினாறு, பதினான்கைத் தள்ளினால் மிச்சம் இரண்டு. மூன்றுக்கோ ஐந்துக்கோ ஆறுக்கோ இங்கே வர்க்கமூலமே கிடையாது. வேண்டுமானால் போட்டுப் பாருங்கள். சான்றிதழில் ஏழுக்குப் பதிலாக இருப்பது பெரிய எண். பரவலாகப் புழங்கும் பி-256 வளைகோட்டில் அது 78 இலக்கம் கொண்டது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் பிரபஞ்சத்தின் ஆயுள் போதாது. அதற்கொரு குறுக்குவழியை 1891-ல் இத்தாலியர் அல்பெர்ட்டோ டொனெல்லி கண்டார். 1970-களில் அமெரிக்கரான டேனியல் ஷாங்க்ஸ் அதைத் தனியே கண்டு செப்பனிட்டார். ஓப்பன்எஸ்எஸ்எல் பயன்படுத்தியது அவர்கள் இருவர் பெயராலும் வழங்கும் முறையை.

அந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஏழு மாதிரி, அந்தப் பெரிய எண் பகா எண்ணாக இருக்க வேண்டும். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதாலும் வகுபடக் கூடாது. நிரலை எழுதியவர் வரப்போவது பகா எண்தான் என்று நம்பினார். நம்பியதில் பெரிய தப்பும் இல்லை, ஏனென்றால் சான்றிதழ்கள் வழக்கமாக வளைகோட்டின் பெயரை மட்டுமே குறிப்பிடும். எண்கள் நூலகத்துக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். பெயருக்குப் பதிலாக எண்களையே சான்றிதழில் எழுதி அனுப்பும் ஒரு பழைய வசதியும் இருந்தது. இணையச் சான்றிதழ்களில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2009-ல் வந்த தரவிதியே சொல்லிவிட்டது. எழுதக் கூடாதுதான், எழுதி வந்தால் படிக்கும் நிரல் மட்டும் உள்ளே அப்படியே கிடந்தது. புழக்கமில்லாத கொல்லைக் கதவுக்கு யார் தாழ்ப்பாள் பார்ப்பார்கள்? அந்த வழியாகத்தான் பகா எண் அல்லாத ஓர் எண்ணை, பகா எண் மாதிரி வேஷம் போட்டு, உள்ளே அனுப்ப முடிந்தது.

இனி பஸ்.

அந்த நிரலுக்குள் ஒரு சுழல் இருக்கிறது. ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை ஒன்று கூட்டி, "எல்லை எண்ணுக்குச் சமமா?" என்று பார்க்கும். சமமென்றால், "வர்க்கமூலம் இல்லை" என்று சொல்லி நின்றுவிடும். சமமில்லையென்றால் ஒரு பெரிய பெருக்கல் போட்டு, விடை ஒன்று வந்துவிட்டதா என்று பார்த்து, வராவிட்டால் மறுபடி கூட்டும். எல்லை நான்கு என்றால், இரண்டு, மூன்று, நான்கு, நின்றது. எல்லை ஒன்றாக இருந்தால்? முதலில் ஒன்று கூட்டுவதால் எண்ணிக்கை இரண்டாகிவிடுகிறது. இரண்டும் ஒன்றும் சமமா? இல்லை. மூன்றும் ஒன்றும்? இல்லை. நான்கும் ஒன்றும்?

தென்காசியிலிருந்து மதுரை போகும் பஸ் ராஜபாளையம் தாண்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி, கிருஷ்ணன்கோவில் வழியாகப் போகிறது. ராஜபாளையத்தில் ஏறிய பாட்டியிடம், "ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எட்டிப் பாருங்க, ஸ்ரீவில்லிபுத்தூர்னா இறங்கிடுங்க ஆச்சி" என்று சொல்லி அனுப்பினால் ஒரு குறையும் இல்லை. அதே பாட்டி தெரியாமல் கிருஷ்ணன்கோவிலில் மதுரை பஸ் ஏறிவிட்டால், சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்தாலும் இறங்கும் ஊர் வராது. அது பின்னால் போய்விட்டது. பஸ்ஸாவது மதுரையில் நின்றுவிடும், பாட்டி இறங்கித்தான் ஆக வேண்டும். கணினியின் ரோட்டுக்கு மதுரை கிடையாது.

பகா எண்ணாக இருந்தவரை, வேலை மிச்சமிருக்கும்போது எல்லை ஒன்றுக்கு இறங்கவே இறங்காது. கணிதமே அதற்குக் காவல். பகா எண் அல்லாததைக் கொடுத்தால் அந்தக் காவல் கிடையாது. ஆகவே, வேண்டுமென்றே அப்படி எண்களைப் பொறுக்கி எழுதிய ஒரு சான்றிதழ், சில நூறு பைட்டுகள்தான், வந்து சேர்ந்தால், அதைப் படிக்கப் போன புரோகிராம் திரும்புவதில்லை. பிராசஸர் நூறு சதவீதத்தில் நிற்கும்.

திருத்தம் என்ன தெரியுமா? "சமமா?" என்று கேட்டதை "எல்லைக்குக் குறைவாக இருக்கும்வரை மட்டும் ஓடு" என்று மாற்றினார்கள். கூகுளின் டேவிட் பெஞ்சமினும் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் டோமாஷ் மிராஸும் சேர்ந்து செய்தது. வந்த எண் பகா எண்ணா என்று முதலிலேயே சோதித்திருக்கலாமே என்று கேட்கலாம். பகா எண் சோதனையில் நமக்கொரு பெருமையே உண்டு: 2002-ல் ஐ.ஐ.டி. கான்பூரின் மணீந்திர அகர்வாலும் அவருடைய மாணவர்கள் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் கண்ட முறை உலகப் புகழ் பெற்றது. ஆனால் ஒவ்வொரு சான்றிதழுக்கும் அந்தச் சோதனையை வைத்தால் நேரம் போகும். எந்த எண் வந்தாலும் சுழல் நின்றே தீர வேண்டும் என்று எழுதிவிட்டால் பகா எண்ணா இல்லையா என்ற வழக்கே எழாது. எனக்கு இந்த வழிதான் சரியென்று படுகிறது.

இதனால் பணம் போகுமா, பாஸ்வேர்ட் போகுமா? போகாது. ஹார்ட்பிளீடில் சர்வரின் நினைவகத்தில் இருந்ததைத் துண்டு துண்டாக வெளியே உருவ முடிந்தது. இங்கே எதையும் உருவ முடியாது. கவுன்டரில் முதல் ஆளாகப் போய் நின்று, முடிவே இல்லாத மனு ஒன்றை நீட்டி, பின்னால் இருப்பவர்களை நிற்க வைப்பது மட்டும்தான். சேவை மறுப்பு என்பார்கள். வழக்கமான சேவை மறுப்புத் தாக்குதலுக்கு ஆயிரக்கணக்கான கணினிகளைக் கூட்டிவந்து வாசலை அடைக்க வேண்டும். இதற்கு ஆள்பலம் தேவையில்லை. ஒரு சர்வரில் நான்கு கவுன்டர் மாதிரி நான்கு புரோகிராம்கள் வேலை செய்தால், நான்கு சான்றிதழ்கள் போதும். அவற்றுக்கு அனுப்புபவர் யாரிடமிருந்தும் கையொப்பம் பெற்றிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. கையொப்பத்தைப் பார்க்கும் கட்டம் வந்தால்தானே!

எல்லா சர்வரும் இதற்கு ஆளாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வருகிறவரிடம் சான்றிதழ் கேட்காத சாதாரண இணையதளம், படிக்காத காகிதத்தில் எப்படி மாட்டும்? மாட்டக்கூடியவை: வாடிக்கையாளரின் சான்றிதழைக் கேட்கும் சர்வர்கள், வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் சான்றிதழை ஏற்றிவைக்கும் ஹோஸ்டிங் நிறுவனங்கள், விண்ணப்பங்களைப் படித்துச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்கள். கடைசியாகச் சொன்னது எனக்குச் சிரிப்பை மூட்டியது. சான்றிதழ் வழங்குபவரையே விண்ணப்பத்தால் கட்டிப்போடலாம். தவிர, ஒரு சர்வர் இன்னொரு சர்வரிடம் பேசப் போகும்போது அது வாடிக்கையாளர் ஆகிறது. மின்னஞ்சலை வெளியூர் சர்வருக்கு ஒப்படைக்கப் போகும் மெயில் சர்வர், எதிராளி நீட்டும் சான்றிதழைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஓர்மண்டிக்கு இது முதல் தடவை இல்லை. 2019 ஜூனில், விண்டோஸின் சிம்கிரிப்ட் என்ற நூலகத்தில் இதன் உடன்பிறப்பு மாதிரி ஒன்றை அவர் வெளியிட்டிருந்தார். அங்கே வர்க்கமூலத்துக்குப் பதில் தலைகீழ் எண் காணும் கணக்கு. அங்கும் ஒரு சான்றிதழ், முடியாத சுழல். மைக்ரோசாஃப்டுக்குக் கொடுத்த 90 நாள் கெடு முடிந்தும் திருத்தம் வராததால் பகிரங்கப்படுத்தினார். ஓப்பன்எஸ்எஸ்எல்லிலும் கதை 2022-உடன் முடியவில்லை. அதே ஆண்டு நவம்பர் 1 அன்று, சான்றிதழில் வரும் மின்னஞ்சல் முகவரியைப் படிக்கும் இடத்தில் இரண்டு ஓட்டைகள் வெளிவந்தன. முதலில் 'மிகக் கடுமை' என்று அறிவித்து ஒரு வாரம் எல்லாரையும் தூங்கவிடாமல் செய்து, கடைசியில் 'உயர்' என்று இறக்கினார்கள். 2023 மார்ச்சில், சான்றிதழ்ச் சங்கிலியில் கொள்கை விதிகளைச் சரிபார்க்கும் பகுதி, விதிகளை அடுக்கினால் வேலை பன்மடங்காகப் பெருகித் திணறுவது தெரியவந்தது. நல்லவேளையாக அந்தப் பகுதி இயல்பாக அணைந்தே இருக்கும்.

நம் ஊர்க்காரருக்கு இதில் என்ன வேலை? போனில் வங்கி ஆப் பார்ப்பவருக்கு அநேகமாக ஒன்றுமில்லை. போன் கேட்கும் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருந்தால் சரி. சர்வர் வைத்திருப்பவருக்கு, அதாவது மில், கூட்டுறவுச் சங்கம், கல்லூரி, சொந்தமாக மென்பொருள் விற்கும் சிறு நிறுவனம் ஆகியவற்றுக்கு, மூன்று வேலை உண்டு. ஓப்பன்எஸ்எஸ்எல்லின் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்ப்பது முதல் வேலை. 1.1.1 வரிசையில் 'என்' எழுத்துப் பதிப்பும், 3.0 வரிசையில் 3.0.2-உம் இந்த ஓட்டையை அடைத்தவை. ஆனால் உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகள் பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் உள்ளே சேர்த்துவிடும். எண்ணைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், எண்ணை மட்டும் பார்த்து நிம்மதியாகவும் வேண்டாம், அந்த வெளியீட்டின் பாதுகாப்பு அறிவிப்பைப் பாருங்கள். 1.1.1 வரிசைக்குப் பொது ஆதரவே 2023 செப்டம்பர் 11-உடன் முடிந்துவிட்டது.

இரண்டாவதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அப்டேட் போட்டால் புது நூலகம் டிஸ்க்கில் வந்து உட்காரும்; ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்கள் நினைவகத்தில் பழையதையே வைத்துக்கொண்டிருக்கும். அவற்றை நிறுத்தி மறுபடி தொடங்கினால்தான் மருந்து ஏறும். இரவு ஷிப்ட் மாறும் நேரத்தில் சர்வரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுவது சுலபம். மூன்றாவது, அசம்பாவிதம் நடந்தால் சொல்வது. மத்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 தேதியிட்டு விடுத்த உத்தரவுப்படி, சேவை மறுப்புத் தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். 180 நாள் பதிவேடுகளைப் பத்திரப்படுத்த வேண்டும். டெல்லிக்கும் சென்னைக்கும்தான் இது என்று நினைக்க வேண்டாம். ராஜபாளையத்து கம்பெனிக்கும் உண்டு. அனுமதி உள்ளவரைக் கணினியை அணுகவிடாமல் செய்வது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் வருகிறது. கெட்ட எண்ணத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம்.

கணினி மாதிரித் தெரியாத கணினிகள்தான் மிச்சம். மில் வாசலில் விரல்ரேகை வாங்கும் பெட்டி, கேமரா பதிவுப் பெட்டி, ரௌட்டர். இவற்றில் பலவற்றுக்குள்ளும் ஓப்பன்எஸ்எஸ்எல் இருக்கும். வாங்கிய நாளில் என்ன இருந்ததோ அதுவே இன்றும் இருக்கும். அதற்கு அப்டேட் தர வேண்டியவர் விற்ற கம்பெனிக்காரர். எந்த ஆண்டுப் பதிப்பு உள்ளே இருக்கிறது என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். வாயால் கேட்டால், "எல்லாம் லேட்டஸ்ட்தான் சார்" என்றுதான் வரும்.